துரோகிகள் என்று பெயர் வாங்கியவர்கள்

ஹிட்லரை ஜெர்மனிக்குள் இருந்தபடியே எதிர்த்த தச்சர், தொழிலாளி, மாணவர், ராணுவ அதிகாரி ஆகியோரைக் காட்டிக் கொடுத்தவர்களில் அக்கம்பக்கத்தாரே அதிகம். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அவர்கள் மீதான பழி முழுமையாக நீங்கவில்லை.

பெர்லின், செப்டம்பர் 1940. ஃபிரான்ஸ் வீழ்ந்து மூன்று மாதம் ஆகிறது. நகரமே வெற்றி மயக்கத்தில் இருக்கிறது. தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் வெட்டிங் பகுதியில் ஒரு குடியிருப்பின் மாடிப்படியில் தபால் அட்டை ஒன்று கிடக்கிறது. பெரிய பெரிய எழுத்துகள், நிறைய எழுத்துப் பிழைகள். ஹிட்லரின் போருக்குத் துணை போகாதீர்கள், நிவாரண நிதி என்று கேட்டு வந்தால் காசு போடாதீர்கள், இந்த ஆட்சியைத் தூக்கி எறியுங்கள் என்கிறது அட்டை. கையெழுத்து கிடையாது.

எழுதியவர் ஓட்டோ ஹாம்பெல். வயது 43, தொழிற்சாலைத் தொழிலாளி. உடந்தை, மனைவி எலிஸே. வீட்டு வேலைகள் செய்து பிழைத்தவர். நாஜி மகளிர் அமைப்பில் உறுப்பினராகவும் இருந்தவர். இருவருக்கும் அதுவரை அரசியல் எதிர்ப்பு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அந்த ஆண்டு போர்முனையில் எலிஸேயின் சகோதரர் செத்துப்போனார். அதோடு எல்லாம் மாறியது. அடுத்த இரண்டு ஆண்டுகள், இரவில் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுவதும், பகலில் ஊரெல்லாம் அலைந்து மாடிப்படிகளிலும் தபால் பெட்டிகளிலும் வைத்துவிட்டு வருவதுமாக வாழ்ந்தார்கள். 200க்கும் மேற்பட்ட அட்டைகள்.

அட்டைகள் கைக்குக் கை மாறும், ஜனங்கள் ரகசியமாகப் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. நடந்தது வேறு. கண்டெடுத்தவர்கள் அலறியடித்துக்கொண்டு அவற்றை போலீசில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லா அட்டைகளும் ரகசிய போலீசான கெஸ்டபோவின் கோப்பில்தான் போய்ச் சேர்ந்தன. ஹாம்பெல் தம்பதியின் விடாப்பிடியான வாசகர்கள் கெஸ்டபோ அதிகாரிகள் மட்டுமே என்றுகூடச் சொல்லலாம். 1942 இலையுதிர் காலத்தில் இருவரும் பிடிபட்டார்கள். 1943 ஜனவரியில் மக்கள் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஏப்ரல் 8 அன்று பெர்லினின் ப்ளாட்ஸன்ஸே சிறையில் கில்லட்டினால் இருவர் தலையும் துண்டிக்கப்பட்டன.

சாவு நெருங்கியபோது, கருணை மனுக்களில் ஒருவர் மீது ஒருவர் பழியைப் போட்டுக்கொண்டார்கள் என்பதும் அந்தக் கோப்பில் இருக்கிறது. அதனால் அவர்கள் செய்தது சிறிதாகிவிடாது. மனிதர்கள்தானே.

போர் முடிந்ததும் அந்தக் கோப்பு எழுத்தாளர் ஹான்ஸ் ஃபலாடா கைக்கு வந்தது. ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்தில் அதை நாவலாக்கினார். 1947 பிப்ரவரியில், புத்தகம் வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார். ஆங்கில உலகம் அந்த நாவலைப் பெரிய அளவில் படிக்க 2009 வரை ஆனது.

காதுகளும் கண்களும்

நாஜி ஜெர்மனி என்றதும் தெருவுக்குத் தெரு கெஸ்டபோ நின்றதாக ஒரு பிம்பம் உண்டு. உண்மையில் கெஸ்டபோ உச்சத்தில் இருந்தபோதும் அதில் சுமார் 32,000 பேர்தான், எழுத்தர்கள் உட்பட. எட்டுக் கோடி மக்களை இத்தனை பேரை வைத்து எப்படி ஆள முடிந்தது? வூர்ஸ்பர்க் நகரில் தப்பிக் கிடந்த கெஸ்டபோ கோப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ராபர்ட் கெலட்லி அதற்குப் பதில் கண்டார். யூதர்களுடன் பழகியதாகப் பதிவான வழக்குகளில் பாதிக்கும் மேல், சாதாரண ஜனங்கள் தாமாக வந்து சொன்ன புகார்களில் ஆரம்பித்தவை. மாடி வீட்டுக்காரர், அலுவலக சகா, சண்டை போட்ட உறவினர். பலருக்கு நாஜி கொள்கை மீது பிடிப்பு இருந்ததாகக்கூடத் தெரியவில்லை. வீட்டுத் தகராறு, பொறாமை, பழைய பாக்கி போதும்.

போர் தொடங்கிய அன்றே அந்நிய நாட்டு வானொலி கேட்பது குற்றமானது. பிறகு அதற்காகத் தலை போனவர்களும் உண்டு. அடுப்படியில் ஹிட்லரைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்வதற்குக்கூட எதிரே இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டிய நிலை.

முதல் அடி வாங்கியவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியினரும். 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சர்வ அதிகாரம் தரும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 94 சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மட்டுமே. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையில் அல்லது தலைமறைவில். அதற்கு முந்தைய நாள்தான் டகாவ் முகாம் திறக்கப்பட்டிருந்தது. அமைப்பு, பத்திரிகை, தொழிற்சங்கம் எல்லாம் சில மாதங்களில் உடைந்தன. அதன் பிறகு எதிர்க்க நினைத்தவர் தனி ஆளாக, தெரிந்த நாலு பேரோடு, இருட்டில்தான் எதிர்க்க வேண்டியிருந்தது.

பதிமூன்று நிமிடம்

தனி ஆள் என்றால் ஜார்ஜ் எல்ஸர்தான். தென் ஜெர்மனியின் க்யோனிக்ஸ்ப்ரோன் கிராமத்துத் தச்சர். அதிகம் பேசாதவர், ஸிதர் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். ஓட்டுப் போட்டது கம்யூனிஸ்டுகளுக்கு, ஆனால் கட்சிக்காரர் என்று சொல்ல முடியாது. தொழிலாளியின் கூலி குறைந்துவிட்டது, வேலையை இஷ்டப்படி மாற்ற முடியவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது. 1938 இலையுதிர் காலத்தில் ஐரோப்பியத் தலைவர்கள் ம்யூனிக்கில் கூடி செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்குத் தாரை வார்த்தார்கள். சமாதானம் வந்துவிட்டது என்று உலகம் பெருமூச்சு விட்டது. ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த எல்ஸருக்கு அந்த ஏமாற்றம் இல்லை. போர் வரத்தான் போகிறது, மேலே இருப்பவர்களை அகற்றினால்தான் நிற்கும் என்று முடிவு கட்டினார்.

ஹிட்லர் எங்கே எப்போது இருப்பார் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம், ஆண்டில் ஒரு நாளைத் தவிர. நவம்பர் 8 அன்று ம்யூனிக்கின் ப்யூர்கர்ப்ராய் பீர் அரங்கில் பழைய கட்சித் தோழர்கள் மத்தியில் அவர் பேசியாக வேண்டும். எல்ஸர் 1938லேயே போய் அரங்கைப் பார்த்துவிட்டு வந்தார். மேடைக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் ஒரு தூண். அது போதும்.

தொழிற்சாலையில் கொஞ்சம் கொஞ்சமாக வெடிமருந்து திருடினார். பிறகு கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயும் திருடினார். 1939 ஆகஸ்டில் ம்யூனிக் போய்ச் சேர்ந்தார். தினமும் மாலை அதே பீர் அரங்கில் மலிவான சாப்பாடு. மூடும் நேரத்துக்கு முன் மாடத்தில் ஏறி ஒளிந்துகொள்வார். ஆட்கள் போன பிறகு டார்ச் லைட்டைத் துணியால் மறைத்து வைத்துக்கொண்டு, மண்டியிட்டுத் தூணைக் குடைவார். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள். தூணின் மரப் பலகையில் யாருக்கும் தெரியாத கதவு ஒன்று செய்தார். விழும் காரையைப் பையில் சேர்த்து அப்புறப்படுத்தினார். இரண்டு கடிகாரங்களின் பாகங்களை வைத்துச் செய்த வெடிகுண்டு ஆறு நாள் முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கக் கூடியது. டிக் டிக் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் கார்க் பதித்தார். தட்டிப் பார்த்தால் வெற்றுச் சத்தம் வராமலிருக்கத் தகரம் அடித்தார். நல்ல தச்சரின் வேலை.

நேரம் குறித்தது இரவு 9.20க்கு. வழக்கமாக ஹிட்லர் பத்து மணி வரை இருப்பார். அன்று ம்யூனிக்கில் பனிமூட்டம் வரும் என்ற கவலை. விமானம் கிளம்புவது நிச்சயமில்லை என்பதால் ரயிலில் பெர்லின் திரும்ப வேண்டும். எனவே பேச்சைச் சுருக்கிக்கொண்டு 9.07க்கு வெளியேறினார். பதிமூன்று நிமிடம் கழித்துத் தூண் வெடித்தது, கூரை இறங்கியது. எட்டுப் பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் அங்கே உணவு பரிமாறும் பெண். 60க்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

இந்த எட்டு உயிர்களைப் பேசாமல் எல்ஸரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பெரிய ரத்தக்களரியைத் தடுக்க நினைத்தேன் என்று அவர் விசாரணையில் சொன்னார். போரில் பின்னால் செத்தவர்கள் எத்தனை கோடி என்பதை வைத்து அவர் சொன்னதை எடைபோடலாம். செத்த பெண்ணின் வீட்டாருக்கு அந்தக் கணக்கு உதவாது.

குண்டு வெடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்விட்சர்லாந்து எல்லையில், கான்ஸ்டன்ஸ் நகரில் அவர் சிக்கிவிட்டார். பையில் அதே பீர் அரங்கின் படம் போட்ட அட்டை! சில நாள் மறுத்தார். இரவிரவாக மண்டியிட்டதில் புண்ணாகி வீங்கிய முழங்கால்கள் காட்டிக் கொடுத்தன. ஒரு கிராமத்துத் தச்சர் தனியாக இதைச் செய்திருக்க முடியும் என்று ஹிட்லரால் நம்ப முடியவில்லை. பின்னால் பிரிட்டிஷ் உளவுத்துறை இருப்பதாக அரசு அறிவித்தது. பிரமாண்ட விசாரணை நடத்தும் எண்ணத்தில் எல்ஸரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். 1945 ஏப்ரல் 9 அன்று, அமெரிக்கப் படை டகாவ் முகாமை அடைய மூன்று வாரமே இருக்கும்போது, சுட்டுக் கொன்றார்கள்.

கைதட்டிய மாணவர்கள்

வெள்ளை ரோஜா குழுவின் கதை ஓரளவு தெரிந்ததுதான். ம்யூனிக் பல்கலைக்கழக மாணவர்கள் ஹான்ஸ் ஷோல், தங்கை ஸோஃபி, மூன்று குழந்தைகளின் தந்தையான க்ரிஸ்டாஃப் ப்ரோப்ஸ்ட், நண்பர்கள் அலெக்ஸாண்டர் ஷ்மோரெல், வில்லி கிராஃப், பேராசிரியர் குர்ட் ஹூபர். ஆறு துண்டுப் பிரசுரங்கள். அவற்றில் ஒன்று, போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று 1942லேயே அச்சில் சொன்னது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்று பின்னாளில் சொன்ன ஒரு தலைமுறைக்கு அது சங்கடமான ஆவணம். அண்ணனும் தங்கையும் சிறு வயதில் ஹிட்லரின் இளைஞர் அமைப்புகளில் உற்சாகமாக இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1943 பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகத்தின் மேல் மாடியிலிருந்து ஒரு கட்டுப் பிரசுரத்தை ஸோஃபி கீழே தள்ளிவிட்டார். கட்டிடப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் பார்த்து ஓடிவந்து பிடித்தார். நாலே நாளில் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் முடிந்துவிட்டன. ஸோஃபிக்கு 21 வயது, ஹான்ஸுக்கு 24. அதிகம் பேசப்படாத விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பிடித்துக் கொடுத்த ஊழியருக்கு 3,000 மார்க் பரிசும் பதவி உயர்வும் கிடைத்தன. பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் மாணவர்கள் அவருக்குப் பலத்த கைதட்டல் கொடுத்தார்கள். அவர்களும் அதே வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள்.

ஆறாவது பிரசுரம் ஜெர்மனியிலிருந்து ரகசியமாக வெளியேறியது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் விமானங்கள் அதை ஆயிரக்கணக்கில் அச்சடித்து ஜெர்மானிய நகரங்கள் மீது கொட்டின.

வெளிப்படையாக எதிர்த்தால் சாவு நிச்சயமா? எப்போதும் அல்ல என்பதுதான் உறுத்தும் உண்மை. 1941 ஆகஸ்டில் ம்யூன்ஸ்டர் நகர பிஷப் க்ளெமென்ஸ் ஃபோன் காலென், மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொல்கிறது என்று பிரசங்க மேடையிலிருந்தே சொன்னார். அதற்குள் எழுபதாயிரம் பேர் விஷவாயுவுக்குப் பலியாகியிருந்தார்கள். பிரசங்கத்தின் நகல்கள் நாடெங்கும் பரவின. அதே மாதம் ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். கொலைகள் பிறகு வேறு வழிகளில் சத்தமில்லாமல் தொடர்ந்தன. ஆனால் பிஷப் மீது கை வைக்கவில்லை.

1943 பிப்ரவரி கடைசியில் பெர்லினில் மிச்சமிருந்த யூதர்களை வளைத்துப் பிடித்தபோது, யூதரல்லாத பெண்களை மணந்திருந்த ஆண்கள் உட்பட சுமார் 2,000 பேரை ரோஸன்ஸ்ட்ராஸ தெருவில் ஒரு கட்டிடத்தில் அடைத்தார்கள். மனைவிமார் தெருவில் வந்து கூடினார்கள். போலீஸ் விரட்டினால் கலைவார்கள், திரும்ப வருவார்கள். புருஷனைக் கொடு என்ற கோஷம். ஒரு வாரம் குளிரில் நின்றார்கள். மார்ச் 6 முதல் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுவிட்ட 25 பேர்கூடத் திருப்பிக் கொண்டுவரப்பட்டனர். அந்தக் கணவர்களை அனுப்பும் திட்டமே அப்போது இல்லை என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இருக்கலாம். தெருவில் நின்ற பெண்களுக்கு அது தெரியாது.

போஸின் பெர்லின் நண்பர்

எல்லோருக்கும் தெரிந்த சம்பவம் 1944 ஜூலை 20. கர்னல் ஸ்டௌஃபன்பர்க் ஹிட்லரின் கிழக்குத் தலைமையகத்தில் பெட்டியில் குண்டு வைத்தார். இரண்டு பொட்டலங்களில் ஒன்றைத்தான் தயார் செய்ய நேரம் கிடைத்தது. கனமான மேஜைக்கால் மறைத்ததில் ஹிட்லர் சிறு காயங்களோடு தப்பினார். அன்றிரவே ஸ்டௌஃபன்பர்க் சுடப்பட்டார். தொடர்ந்து பல மாதங்கள் தூக்கு.

அப்படித் தூக்கிலேறியவர்களில் ஒருவரை இந்தியர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆடம் ஃபோன் ட்ராட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இந்தியப் பிரிவுக்குப் பொறுப்பாளர். 1941 ஏப்ரலில் பெர்லின் வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸுக்கு வீடு, அலுவலகம், வானொலி என எல்லா ஏற்பாடும் இந்தப் பிரிவின் வழியாகத்தான் நடந்தன. பகலில் சுதந்திர இந்தியா மையத்தின் கோப்புகள், மறுபக்கம் ஹிட்லரைக் கவிழ்க்கும் சதி. நாஜி கட்சியில் உறுப்பினராக இருந்துகொண்டே இதைச் செய்தார். போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியா கிளம்பினார். ட்ராட் 1944 ஆகஸ்ட் 26 அன்று, ஹாம்பெல் தம்பதி செத்த அதே சிறையில் தூக்கிலிடப்பட்டார். மனைவியைச் சிறையில் போட்டு, இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சதிகாரர்களின் வாரிசுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை ஒரு விடுதியில் அடைத்து, பெயரை மாற்றி, தத்துக் கொடுக்கத் திட்டம் இருந்தது.

பாதிரியார் டீட்ரிஷ் போன்ஹோஃபருக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. காந்தியிடம் அகிம்சைப் போராட்டத்தைக் கற்க விரும்பினார். ஆசிரமத்தில் வந்து தங்கலாம் என்று 1934 நவம்பரில் காந்தி கடிதமும் எழுதினார். அவர் வரவில்லை. ஜெர்மனியில் மத குருமார்களுக்குப் பயிற்சி தரப் போய்விட்டார். பிறகு ஹிட்லரைக் கொல்லும் சதிக்கே துணை நின்றார். எல்ஸர் சுடப்பட்ட அதே 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாஸன்பர்க் முகாமில் அவருக்குத் தூக்கு.

ஜூலை 20 ஆட்களை மகான்கள் ஆக்கத் தேவையில்லை. அவர்களில் சிலர் ஹிட்லரின் ஆரம்ப வெற்றிகளுக்குக் கைதட்டியவர்கள். கிழக்கில் யூதர்களைச் சுட்டுக் கொன்ற படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் நேபேகூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்.

விதவையின் பென்ஷன்

போர் முடிந்தது. சர்வாதிகாரி செத்தார். எதிர்த்தவர்களுக்கு மாலை போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் தவறு.

மேற்கு ஜெர்மனியில் பலருக்கு ஜூலை 20 ஆட்கள் போர்க்காலத்தில் தலைவரைக் கொல்ல முயன்ற துரோகிகளாகவே தெரிந்தார்கள். சதியை முறியடிக்க உதவிய ராணுவ அதிகாரி ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர் புதிய வலதுசாரிக் கட்சியின் மேடைகளில் அதையே முழங்கினார். வழக்குப் போட்டவர் ஃப்ரிட்ஸ் பாவர். யூதர், சோஷலிஸ்ட், 1933லேயே முகாமில் அடைபட்டு, பிறகு அகதியாக நாட்டை விட்டு ஓடியவர். 1952 மார்ச்சில் ப்ரௌன்ஷ்வைக் நீதிமன்றத்தில் அவர் வைத்த வாதம் எளிமையானது: நீதியையே அழித்த அரசுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. ரேமருக்கு மூன்று மாதச் சிறை விதித்தார்கள். அதை அனுபவிக்காமல் அவர் நாட்டை விட்டே போய்விட்டார்.

நாலு ஆண்டு கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் நடந்தது. போன்ஹோஃபரைத் தூக்குக்கு அனுப்பிய முகாம் விசாரணை அன்றைய சட்டப்படி சரிதான் என்று 1956ல் முடிவு செய்தது. 5,000க்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதித்த மக்கள் நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர்கூட அதற்காகக் கடைசிவரை தண்டனை பெறவில்லை. ஷோல்களை அனுப்பிவைத்த தலைமை நீதிபதி ரோலண்ட் ஃப்ரைஸ்லர் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் செத்தார். அவர் மனைவிக்கு 1974ல் பென்ஷன் உயர்த்தப்பட்டது. உயிரோடு இருந்திருந்தால் அவர் வக்கீலாகவோ பெரிய அதிகாரியாகவோ நல்ல சம்பளம் வாங்கியிருப்பாராம்! 1985ல் விஷயம் வெளியானபோது நாடே அதிர்ந்தது. பென்ஷன் நிற்கவில்லை.

கிழக்கு ஜெர்மனி கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளர்களுக்கு மட்டும் சிலை வைத்தது. அதையே காரணமாக வைத்து மேற்கு ஜெர்மனி அவர்களைச் சோவியத் ஒற்றர்கள் என்று ஒதுக்கியது. மில்ட்ரெட் ஹார்னாக், அவர் கணவர் ஆர்விட் உள்ளிட்ட செவ்விசைக் குழு என்று கெஸ்டபோ பெயர் வைத்த வட்டம் இப்படித்தான் பல ஆண்டுகள் இருட்டில் கிடந்தது. நாஜி அநீதித் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்த சட்டம் வந்தது 1998ல்தான். ராணுவத்தை விட்டு ஓடியவர்களுக்கு 2002 வரை காத்திருப்பு. போர்க்காலத் துரோகம் என்று தண்டிக்கப்பட்டவர்கள் பழி நீங்கியது 2009 செப்டம்பரில். அதற்குள் அந்தக் குடும்பங்களில் ஒரு தலைமுறை போயே போய்விட்டது.

தச்சர் எல்ஸருக்கு நேர்ந்தது இன்னும் கேவலம். அவர் நாஜிகளின் கையாள், குண்டு வைத்தது வெறும் நாடகம் என்ற வதந்தி போருக்குப் பிறகும் ஓடியது. முகாமில் அடைபட்டிருந்த பாதிரியார் மார்ட்டின் நீமோலரே அதைத் திருப்பிச் சொன்னார். ஊர்க்காரர்கள் அந்தக் குடும்பத்தால் தங்களுக்கு வந்த கெட்ட பெயரை மறக்கவில்லை. ஒரு தச்சர் தானே யோசித்து முடிவெடுத்தார் என்றால், யோசிக்காமல் இருந்த மற்றவர்கள் என்ன பதில் சொல்வது? வதந்தி வசதியாக இருந்தது. 1939ல் அவர் தந்த வாக்குமூலத்தின் பிரதி 1960களில் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. அதன் பிறகே எல்லாவற்றையும் அவர் தனியாகச் செய்தார் என்பது உறுதியானது. சொந்த ஊரில் நினைவகம் திறக்க 1998 ஆனது.

பீர் அரங்கம் 1979ல் இடிக்கப்பட்டுவிட்டது. தூண் இருந்த இடத்தில் தரையில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். ம்யூனிக்கில் எல்ஸர் பெயரில் ஒரு சிறு சதுக்கமும் உண்டு. அங்கே ஒரு பள்ளிக் கட்டிடத்தின் சுவரில் 1939 நவம்பர் 8 என்ற தேதி விளக்கு எழுத்தில் இருக்கிறது. நாள் முழுக்க அது அணைந்தே கிடக்கும். தினமும் இரவு 9.20க்கு எரியும், சரியாக ஒரு நிமிடம்.